"குட் மார்னிங் சார்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாமா?

கேள்வி:

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக (துணி வாங்கும் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை) இருக்கிறேன். வயது 25. இதற்கு முன் வேலை பார்த்த இடம் சின்னது. எது கேட்பதாக இருந்தாலும் எழுந்து போய்க் கேட்டுவிடுவோம். இங்கே எல்லாமே சாட்தான். ஆபீசுக்குள் டீம்ஸ், வெளி யூனிட்காரர்களோடு வாட்ஸ்அப். போன செவ்வாய்க்கிழமை, ஒரு ஆர்டருக்கு மெயின் லேபிள் (ஆடையில் தைக்கும் பிராண்ட் பெயர்ச் சீட்டு) வராதது பற்றி மேனேஜரிடம் கேட்க வேண்டியிருந்தது. "குட் மார்னிங் சார்" என்று அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து, 34 பேர் இருக்கிற குரூப்பில் என்னை டேக் செய்து, "குட் மார்னிங் மட்டும் போட்டுட்டு உட்கார்ந்திருக்காதீங்க. விஷயத்தை எழுதுங்க" என்று போட்டுவிட்டார். அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை. பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் காரியத்தைப் பேசக் கூடாது என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அது தப்பா மேடம்? இன்னொன்று: ராத்திரி 11 மணிக்கெல்லாம் மெசேஜ் வருகிறது. பார்த்துவிட்டால் உடனே பதில் போட்டாக வேண்டுமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நானும் 22 வருடம் மெர்ச்சன்டைசராக இருந்தவள்தான். இப்போது கம்பெனி கம்பெனியாகப் போய், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற மாதிரி கதையை மாதத்துக்கு இரண்டாவது கேட்கிறேன். எனவே உங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மேனேஜர் சொன்ன விஷயம் சரி. சொன்ன இடம் தப்பு. 33 பேர் பார்க்க ஒருவரைத் திருத்தினால், திருத்தப்பட்டவர் அந்த விஷயத்தைக் கற்றுக்கொள்வதில்லை, அந்த அவமானத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார். அதே வாக்கியத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருந்தால் "சரிங்க சார்" என்று எழுதிவிட்டு லேபிள் வேலையைப் பார்த்திருப்பீர்கள். பாராட்டைக் குரூப்பில் போடு, குறையைத் தனியாகச் சொல் என்று மேனேஜர்களுக்கான வகுப்பில் நான் தொண்டை வற்றக் கத்துகிறேன். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் போனை எடுத்துக் குரூப்பில் யாரையோ காய்ச்சுகிறார்கள்.

சரி, அவரை விடுங்கள். அவர் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊரில் பெரியவர் ஒருவரின் அறைக்குப் போனால் வாசலில் நின்று "சார்..." என்று இழுப்போம். அவர் நிமிர்ந்து பார்ப்பார், "வாங்க, என்ன?" என்பார். மொத்தம் மூன்று விநாடி. அதற்குள் நாம் எவ்வளவு பார்த்துக்கொள்கிறோம்! போனில் இருக்கிறாரா, எதிரே பையர் உட்கார்ந்திருக்கிறாரா, முகம் எப்படி இருக்கிறது. நேரம் சரியில்லை என்று தோன்றினால் "அப்புறம் வர்றேன் சார்" என்று திரும்பிவிடுவோம். வாசலில் நிற்பது மரியாதை ஆவது அதனால்தான். அவர் நேரத்தை நாம் கண்ணாலேயே அளந்துவிடுகிறோம்.

சாட்டில் அந்த வாசல் கிடையாது. அவர் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டில் நிற்கிறாரா, பல்லடம் ரோட்டில் வண்டி ஓட்டுகிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் "குட் மார்னிங் சார்" அவர் பாக்கெட்டில் போய் அதிர்கிறது. வேலையை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்க்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை. கதவைத் தட்டிவிட்டு ஆள் ஒளிந்துகொண்ட மாதிரி. வாசலில் நின்றபோது மரியாதையாக இருந்த அதே பழக்கம், போனுக்குள் போனதும் தொந்தரவாகிவிடுகிறது. வீட்டில் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. அது வேறு இடத்துக்கான பாடம்.

அவர் குரூப்பில் எதுவும் போடாமல் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் இப்படி:

9.42: குட் மார்னிங் சார்
10.15: குட் மார்னிங், சொல்லுங்க
(இதற்குள் நீங்கள் சாம்பிள் ரூமுக்குப் போய்விட்டீர்கள்)
10.50: ஃப்ரீயா இருக்கீங்களா சார்?
11.20: ம்
11.24: ஒரு ஆர்டர் பத்திக் கேக்கணும்
11.40: எந்த ஆர்டர்?

இரண்டு மணி நேரம் போய்விட்டது. லேபிள் என்ற சொல்லே இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல வரிதான், ஒன்றிலும் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் அந்த மனிதர் மூன்று முறை போனை எடுத்துவிட்டார். இப்போது இதைப் பாருங்கள்:

"குட் மார்னிங் சார். ஸ்டைல் 4417, மெயின் லேபிள் இன்னும் வரலை. சப்ளையர் 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தர்றேன்னு சொல்றார். நமக்கு 12 புதன்கிழமை தையல் ஆரம்பம். லேபிள் வைக்கிறதை மட்டும் நிறுத்திட்டு மத்த ஆபரேஷனை ஓட்டலாமா, இல்ல அந்த லைன்ல வேற ஸ்டைலை முன்னால ஏத்தலாமா? எனக்கு முதல்ல சொன்னது சரின்னு படுது. இன்னைக்கு 4 மணிக்குள்ள சொன்னீங்கன்னா சூப்பர்வைசர்கிட்ட பேசிடுவேன்."

குட் மார்னிங் இருக்கிறது. சார் இருக்கிறது. என்ன பிரச்சினை, எதற்குள் முடிவு வேண்டும், என்னென்ன வழி, உங்கள் யோசனை என்ன, எல்லாம் இருக்கிறது. டையிங் யூனிட்டில் ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் "முதல் வழி, பண்ணுங்க" என்று அவர் அடித்துவிடலாம். யாரும் உங்கள் வணக்கத்தைப் பறிக்கவில்லை தங்கையே. அதைத் தனியாக அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 'நோ ஹலோ' என்ற பெயரில் இதற்காகவே ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. வெறும் ஹலோ அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள் என்பதுதான் அதில் உள்ள மொத்தச் செய்தியும். ஐடி கம்பெனிகளில் சிலர் அந்த முகவரியைத் தங்கள் ஸ்டேட்டஸிலேயே போட்டுவைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வணக்கம் சொன்னவரிடம் நோட்டீஸை நீட்டுகிற மாதிரி இருக்கிறது. யாராவது வெறும் "ஹாய் அக்கா" அனுப்பினால் "ஹாய்மா, என்ன விஷயம்னு எழுதி வை, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நான் பதில் போடுவேன். இரண்டு முறை அப்படிப் போட்டால் மூன்றாவது முறை விஷயத்தோடு வருவார்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒரு சொல்லை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 'முடியலை.' "கட்டிங் முடியலை சார்" என்று ஒருவர் எழுதினால் என்ன அர்த்தம்? இன்னும் முடிந்து வரவில்லை என்றா, செய்யவே இயலவில்லை என்றா? நேரில் சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும். எழுத்தில் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் இன்னும் மோசம். ஒரு முறை "முடியலை" என்று வந்ததைப் பார்த்து, துணி பத்தாமல் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, துணி பின்னித் தரும் நிட்டிங்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார் என்னோடு வேலை பார்த்த ஒருவர். கட்டிங் மாஸ்டர் சொல்ல வந்தது, இன்னும் 200 பீஸ் பாக்கி, சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்பது. எனவே "1,800-ல 1,600 ஆச்சு, மீதி 5 மணிக்கு" என்று எழுதுங்கள். எண் இருக்கிற இடத்தில் குழப்பம் குறைவு. அதே மாதிரி 'நாளைக்கு' என்று எழுதாதீர்கள், தேதியைப் போடுங்கள். நீங்கள் திங்கட்கிழமை ராத்திரி எழுதிய 'நாளைக்கு'வை அவர் செவ்வாய்க்கிழமை காலையில் படித்தால் புதன்கிழமை ஆகிவிடும். 'வந்துரும் சார்' என்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் பத்தாது.

அடுத்தது 'ஓகே'. இதில் நான் சூடுபட்டவள்.

பல வருடங்களுக்கு முன், அப்போது நான் இருந்த நிறுவனத்தில் ஒரு நேவி கலருக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் (சாயம் போட்டுப் பார்த்த சின்னத் துணி மாதிரி) அனுப்பியிருந்தோம். பையரின் ஏஜென்ட் ஆபீஸ் ஆட்களும் இருக்கிற குரூப்பில் நான் ஒரே மெசேஜில் இரண்டு கேள்வி கேட்டேன்: பி-யை எடுத்துக்கலாமா? சி-யை பேக்கப்பா வெச்சுக்கலாமா? பதில் வந்தது: "ஓகே." நான் பி என்று எடுத்துக்கொண்டேன். 600 கிலோ துணி டையிங்குக்குப் போய்விட்டது. அந்த ஓகேக்கு 'சரி, பையரிடம் கேட்டுச் சொல்கிறோம்' என்று அர்த்தமாம். பையர் தேர்ந்தெடுத்தது ஏ. நேவியை வெளுக்க வைத்து வேலைக்கு ஆகாது. கறுப்பில் இன்னொரு முறை முக்கி வேறு ஆர்டருக்குத் தள்ளினோம். கலர் அப்ரூவல் என்றால் மெயிலில் எழுத்தாக வாங்கியிருக்க வேண்டும், அது என் தப்புதான். ஆனால் ஒரே மெசேஜில் இரண்டு கேள்வி வைத்ததும் என் தப்பு. ஒரு மெசேஜுக்கு ஒரு முடிவு. இரண்டு முடிவு வேண்டுமென்றால் இரண்டு மெசேஜ். அப்புறம் "ஓகே" என்று வந்தால் "அப்போ பி-யை இன்னைக்கு டையிங் அனுப்பறேன்" என்று திருப்பி ஒரு வரி போட்டுவிடுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அவரே பதறி ஓடி வருவார்.

கட்டைவிரல் எமோஜியும் அப்படித்தான். பார்த்துவிட்டேன் என்றா, ஒப்புக்கொண்டேன் என்றா? கனடாவில் சஸ்காட்சவான் மாகாணத்தில் இது கோர்ட் வரைக்கும் போனது. 86 டன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டார் வாங்குகிறவர். விவசாயி ஒரு கட்டைவிரலைப் போட்டார். பின்னால் சரக்கு வரவில்லை. "ஒப்பந்தம் கிடைத்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் சொல்லவில்லை" என்றார் விவசாயி. அவர்களுக்குள் முன்பு நடந்த வியாபாரத்தையெல்லாம் பார்த்துவிட்டு, அந்தக் கட்டைவிரல் சம்மதம்தான் என்று 2023 ஜூன் மாதத்தில் நீதிபதி சொல்லிவிட்டார். 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவு. உங்கள் குரூப்பில் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள் டீக்கடையில் நின்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என் வகுப்பில் நான் சொல்வது: அறிவிப்புக்குக் கட்டைவிரல், முடிவுக்கு எழுத்து.

அறிவிப்புக்கு அது தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வெள்ளிக்கிழமை யூனிட்டுக்கு லீவு" என்று குரூப்பில் ஒரு செய்தி வருகிறது. கீழே 33 "ஓகே சார்". 34-ஆவதாக யாரோ கேட்ட அவசரக் கேள்வி அதற்குள் புதைந்துபோகிறது. அங்கே ஒரு ரியாக்‌ஷன் போதும். எல்லோரையும் டேக் செய்வது, பாய்லர் நின்றுபோனால், ஷிப்மென்ட் தேதி மாறினால் மட்டும். மற்ற நேரத்தில் யார் பதில் சொல்ல வேண்டுமோ அவர் பெயரை மட்டும் போடுங்கள். ஒருவரையும் டேக் செய்யாமல் "யாராவது பாருங்க" என்று போட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ரோஜாப்பூவும் பொன்மொழியும் போட்ட காலை வணக்கப் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லி என் சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆபீஸ் குரூப்பில் மட்டும் வேண்டாம்.

தொனி. 2015-ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒற்றைச் சொல் பதிலின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால், அது மனதாரச் சொன்னது இல்லை என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றுகிறதாம். தமிழில் நமக்கு முற்றுப்புள்ளி வரை போக வேண்டியதே இல்லை, 'ங்க' போதும். "அனுப்புங்க" என்றால் ஆள் பேசுகிறார். "அனுப்பு" என்றால் அதட்டுகிறார். "அனுப்பவும்" என்றால் நோட்டீஸ் போர்டு பேசுகிறது. நீங்கள் கீழே இருக்கிறவர்களுக்கு எழுதும்போது இதைப் பாருங்கள். மேலே 'சார்' போடுகிறவர்கள் பலர் பேக்கிங் செக்‌ஷன் பையனுக்கு வெறும் கேள்விக்குறியை மட்டும் அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வயிறு கலங்கும்.

வாய்ஸ் நோட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். மேனேஜருக்கு இரண்டு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். மீட்டிங்கில் இருந்தால் அவரால் கேட்க முடியாது, பின்னால் தேடவும் வராது. ஆனால் டையிங் மாஸ்டர் உங்களுக்கு வாய்ஸ் நோட்டில்தான் பேசுவார். அவர் கை ஈரம், டைப் செய்வது அவருக்குச் சிரமம். முகம் சுளிக்காமல் முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணா, லாட் 3 வியாழக்கிழமை 13-ஆம் தேதி டெலிவரி, சரிங்களா?" என்று நீங்கள் எழுத்தில் போட்டுவிடுங்கள். "ஆமாம்மா" என்று வரும். உங்களுக்கு வேண்டியது அந்த ஆமாம்தான்.

விலை விவரம், சம்பள ஷீட், பாஸ்வேர்டு எதையும் குரூப்பில் போடாதீர்கள். ஒரு பையரின் விலையை இன்னொரு பையரின் குரூப்பில் போட்டவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அழித்துவிடலாம் என்று நினைப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

இனி ராத்திரி 11 மணி.

நம் தொழிலில் இதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ராத்திரி 11 என்றால் நியூயார்க்கில் கோடைக்காலத்தில் மதியம் ஒன்றரை. அங்கே பையர் சாப்பிட்டுவிட்டு வந்து மெயில் போடுகிறார், உங்கள் மேனேஜர் படுக்கையிலிருந்தே அதை உங்களுக்குத் தட்டிவிடுகிறார். தூங்கினால் மறந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. தன் மனதிலிருந்து இறக்கி உங்கள் மனதில் ஏற்றிவிட்டு அவர் தூங்கிவிடுவார். டீம்ஸில் செய்தியை எழுதிவைத்துக் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிடலாம். பாதி மேனேஜர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிலும் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பார்த்துவிட்டால் பதில் போட்டாக வேண்டுமா? வேண்டாம். நீல டிக் பார்த்ததற்கு அடையாளம், வாக்குறுதி இல்லை. வாட்ஸ்அப்பில் அதை நிறுத்திவைக்கலாம், ஆனால் தனிச் சாட்டில் மட்டும்தான் அது செல்லும். குரூப்பில் யார் படித்தார்கள் என்பது எப்படியும் தெரியும். வேலை நேரத்துக்குப் பிறகு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்சில் 2017 ஜனவரியிலேயே சட்டத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரம் தாண்டி வரும் அழைப்பையும் செய்தியையும் தொழிலாளி கண்டுகொள்ளாமல் விடலாம், அப்படி விடுவது நியாயமற்றதாக இருந்தால் தவிர. இங்கே 2018 கடைசியில் மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டம் ஆகவில்லை. எனவே சட்டத்தைக் காட்டி உங்களால் பேச முடியாது. பகலில், அவர் நல்ல மூடில் இருக்கும்போது நேரில் சொல்லுங்கள்: "சார், ராத்திரி 9-க்கு மேல நான் சாட் பார்க்கறதில்லைங்க. அவசரம்னா போன் பண்ணுங்க, கண்டிப்பா எடுப்பேன்." போன் என்று சொன்னதும் பத்தில் எட்டு அவசரம் காலைக்குத் தள்ளிப்போகும். மீதி இரண்டு நிஜமானவை. அப்போது எடுங்கள், முகம் கோணாமல் எடுங்கள். கன்டெய்னர் தூத்துக்குடி கிளம்பும் ராத்திரியில் தொழில் தெரிந்த யாரும் போனை அணைத்து வைப்பதில்லை.

ஒரே ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இல்லை என்றாலும் படிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். ராத்திரிச் செய்தி ஆர்டரை விட்டுவிட்டு "என்ன பண்றே, தூங்கலையா, டிபி நல்லா இருக்கு" என்று போக ஆரம்பித்தால், அது சாட் நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். செய்திகளை அழிக்காதீர்கள். அருவருப்பாக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, உங்கள் மேனேஜரிடம் என்ன செய்வது? குரூப்பில் பதில் போடாதீர்கள், போட்டிருந்தாலும் போகட்டும். நாளைக்கே, டீ நேரத்தில், அவர் அறை வாசலில் நில்லுங்கள். ஆமாம், வாசலில்தான், இங்கே அது செல்லும். "சார், இனிமே விஷயத்தோடயே எழுதறேங்க. எனக்கு ஏதாவது சொல்லணும்னா தனியா சொல்லுங்க சார், குரூப்ல போட்டதும் கஷ்டமாயிடுச்சு" என்று சொல்லுங்கள். அழ வேண்டாம், சண்டை வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அப்போதுதான் தாங்கள் செய்ததே உறைக்கும். இந்த ஒரு பேச்சை மட்டும் சாட்டில் வைத்துக்கொள்ளவே வைத்துக்கொள்ளாதீர்கள். மனஸ்தாபத்தை டைப் செய்தால் ஊதிப் பெரிதாகும்.

அது இருக்கட்டும், அந்த மெயின் லேபிள் வந்து சேர்ந்ததா? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அதை மட்டும் எழுதவே இல்லையே.